பலமானவரோடு செஸ் ஆடினால் ஆட்டம் தானாக வளருமா?

சேலத்தில் பிள்ளையைச் செஸ் வகுப்பில் சேர்த்த பெற்றோர் முதல் மாதத்திலேயே கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: "பெரிய ஆட்டக்காரர்களோடு மோதவிடுங்கள், தானாகத் தேறிவிடுவான்." 2024 டிசம்பரில் குகேஷ் தமது 18ஆம் வயதில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியனான பிறகு, பிள்ளைகளைச் சீக்கிரம் மேலே ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. காய்களின் நகர்வு இப்போதுதான் பழகியிருக்கும் எட்டு வயதுக் குழந்தை, வயது வரம்பு இல்லாமல் யாரும் ஆடக்கூடிய ஓபன் பிரிவில் உட்காருகிறது. பன்னிரண்டாவது நகர்வில் ராணியைப் பறிகொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி அரங்கைவிட்டு வெளியே வருகிறது. "பரவாயில்லை, அனுபவம்தானே" என்று தட்டிக்கொடுக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் என்ன அனுபவம் கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த அறிவுரை பொய்யில்லை. ஆனால் அதில் பாதிதான் சொல்லப்படுகிறது. எவ்வளவு பலமானவரோடு ஆட வேண்டும், அந்தத் தோல்வியிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்ற மறுபாதியைப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். செஸ் விதிகள் தெரிந்தால் போதும், வேறு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

மலைப்பாதையில் ஒரு சைக்கிள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறும் இளைஞர்களை விடியற்காலையில் அடிவாரத்தில் பார்க்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. சேலம் நகருக்குள், நான்கு ரோட்டுக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவே சமதரையில் வருடக்கணக்கில் சைக்கிள் ஓட்டியவருக்கும் மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கிவிடும். சமதரை அவர் காலிடம் அந்தப் பலத்தைக் கேட்டதே இல்லை. மலைச்சரிவு கேட்கிறது, கேட்கக் கேட்கக் கால் வலுவாகிறது. இதுவரை பழைய அறிவுரை சரி.

ஆனால் மிதிக்கவே முடியாத அளவுக்குச் சரிவு செங்குத்தாக இருந்தால்? இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வியர்வை கொட்டும், களைப்பு வரும், உச்சிக்கும் போய்ச் சேரலாம். ஆனால் மிதிக்கும் கால்களுக்கு அன்று பயிற்சியே கிடைக்கவில்லை. பலத்தில் மிகப் பெரிய இடைவெளியோடு ஆடப்படும் செஸ் ஆட்டம் இப்படித்தான் போகிறது. கஷ்டப்பட்டோம் என்பதால் கற்றுக்கொண்டோம் என்று ஆகிவிடாது.

பலம் எங்கே இருக்கிறது

பலமான ஆட்டக்காரர் நம்மைவிட இருபது நகர்வு கூடுதலாக யோசிக்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஆட்ரியான் டி குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. அவரே நல்ல செஸ் வீரர். ஒரே நிலையைக் கிராண்ட்மாஸ்டர்களிடமும் அவர்களைவிடக் குறைந்த வீரர்களிடமும் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கிராண்ட்மாஸ்டர்கள் மற்றவர்களைவிட வெகு தூரம் கணக்குப் போடவில்லை. ஆனால் அவர்கள் பார்வை தொடக்கத்திலேயே நல்ல நகர்வுகளின் மேல் விழுந்தது.

1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். புதியவர் நான்கைந்து காய்களோடு நின்றுவிட்டார். அடுத்து, அதே காய்களைப் பலகையில் தாறுமாறாக இறைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. ஆக, மாஸ்டருக்கு இருந்தது பொதுவான நினைவாற்றல் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த காய்க் கூட்டங்கள் அவருக்கு முகம் தெரிந்தவை. கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய்கள், பக்கத்தில் ஒரு குதிரை என்பதை அவர் ஐந்து காய்களாகப் பார்ப்பதில்லை, ஒரே உருவமாகப் பார்க்கிறார். இப்படி மனத்தில் பதிந்த உருவங்களை இந்தக் கட்டுரையில் 'வடிவங்கள்' என்று சொல்கிறேன்.

செஸ்ஸில் வளர்வது என்றால், பெரும்பகுதி, இந்த வடிவங்கள் கூடுவதும் அவற்றில் தப்பானவை திருத்தப்படுவதும்தான்.

பலமான எதிராளி என்ன தருகிறார்

இரண்டாவது நகர்விலேயே ராணியை வெளியே கொண்டுவந்து, மூன்றாவதில் பிஷப்பை இறக்கி, நான்காவதில் செக்மேட் வைக்கும் தந்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெருவில், வகுப்பில், சித்தப்பா வீட்டில் இது பத்துக்கு ஏழு முறை பலிக்கும். பலிக்கும்போதெல்லாம் "ராணியைச் சீக்கிரம் எடுத்தால் ஜெயிக்கலாம்" என்ற வடிவம் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. இது தப்பான வடிவம். ஆனால் பலம் குறைந்த எதிராளி அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார், வெற்றியையே பரிசாகக் கொடுத்துவிடுவார்.

கொஞ்சம் தேறிய எதிராளியிடம் இதே வேலையைச் செய்து பாருங்கள். அவர் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ராணியை விரட்டுவார். அடுத்து ஒரு குதிரையை வெளியே எடுப்பார், இன்னொரு குதிரை மறுபடியும் ராணியைத் தாக்கும். உங்கள் ராணி ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் அவருடைய காய்கள் எல்லாம் களத்துக்கு வந்துவிடும். பத்தாவது நகர்வில் நீங்கள் தோற்றிருக்க மாட்டீர்கள், ஆனால் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பீர்கள். பழைய வடிவத்தின் விலை இப்போது பலகையில் தெரிகிறது.

பலமான எதிராளி தருவது இதைத்தான். உங்களிடம் இருக்கும் தப்பான வடிவத்தை அவர் தண்டிக்கிறார், அதனால் அது கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே சரியான வடிவத்தைத் தம் காய்களால் ஆடியும் காட்டுகிறார். அவர் உங்களுக்குக் கற்பிப்பதற்காக அங்கே உட்காரவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு புள்ளி. காட்டப்பட்டதைப் பார்த்து எடுத்துக்கொள்வது முழுக்க முழுக்க உங்கள் வேலை.

இடைவெளி மிக அதிகமானால் இந்த இயந்திரம் எப்படிப் பழுதாகிறது என்பதும் இங்கேயே புரிந்துவிடும். ரேட்டிங்கில், அதாவது ஆட்டபலத்தைக் காட்டும் எண்ணில், உங்களைவிட இருநூறு புள்ளி மேலே இருப்பவர் உங்கள் ஆட்டத்தில் இரண்டு மூன்று பிழைகளைத் தண்டிப்பார். எவை என்று நீங்கள் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட முடியும். எழுநூறு புள்ளி மேலே இருப்பவரிடம் உங்கள் நகர்வுகளில் பாதி பிழையாகிவிடும். எந்தப் பிழையால் தோற்றீர்கள் என்று பிரித்தெடுக்கவே முடியாது. காயைச் சும்மா எதிராளியின் வாயில் வைத்துவிடும் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்குப் பலமான எதிராளியே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த வியாதிக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது: தினமும் கொஞ்சம் புதிர்கள், ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் "அவர் எதை அடிக்கலாம்?" என்ற ஒரே கேள்வி. அதற்காக நுழைவுக் கட்டணம் கட்டி ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆட்டபலம் என்பது மனத்தில் சேர்ந்த வடிவங்கள். பலம் குறைந்தவர்கள் தப்பான வடிவத்துக்குப் பரிசு தருகிறார்கள், பலமானவர்கள் அதைத் தண்டித்துக் காட்டுகிறார்கள். இடைவெளி மிதமாக இருந்தால்தான் அந்தத் தண்டனையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். அப்படியானால் மிதம் என்பது எவ்வளவு?

இடைவெளியை அளக்கும் எண்

ரேட்டிங் என்பது ஒரு வீரரின் இதுவரையிலான முடிவுகளிலிருந்து கணக்கிட்டு எடுத்த எண். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ இந்த முறையை வகுத்தார். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியலின் அடிமட்டம் 1400.

ரேட்டிங் எண்ணைத் தனியாகப் பார்த்தால் பொருள் இல்லை. இருவரின் எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் பொருள் இருக்கிறது. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று எண்ணினால், 100 புள்ளி மேலே உள்ளவரோடு நூறு ஆட்டம் ஆடும்போது உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது சுமார் 36 புள்ளி. 200 மேலே என்றால் 24. 300 என்றால் 15. 400 என்றால் 8 மட்டுமே. இதற்கு 'எதிர்பார்ப்புப் புள்ளி' என்று பெயர்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்ப்புப் புள்ளியைக் கழித்து, ஒரு பெருக்கும் எண்ணால் பெருக்கி உங்கள் ரேட்டிங்கில் சேர்க்கிறார்கள். 2300க்குக் கீழே இருக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தப் பெருக்கும் எண் 40. பெரும்பாலான பெரியவர்களுக்கு 20.

அம்மாபேட்டையில் 1600 ரேட்டிங் உள்ள ஒரு மாணவி 1800 ரேட்டிங் உள்ளவரோடு ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 0.24. தோற்றால் 9.6 புள்ளி குறையும். டிரா செய்தால் 10.4 கூடும். ஜெயித்தால் 30.4 கூடும். "பெரியவர்களிடம் தோற்றால் ரேட்டிங் குறையாது" என்று அரங்கு வாசலில் சொல்வது தப்பு. குறையும், குறைவாகக் குறையும். "பெரியவர்களோடு ஆடிக்கொண்டே இருந்தால் ரேட்டிங் ஏறும்" என்பதும் தப்பு. உங்கள் பலம் மாறாமல் இருந்தால், யாரோடு ஆடினாலும் ஏற்றமும் இறக்கமும் நாளடைவில் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ரேட்டிங் உங்களை அளக்கிறது, வளர்ப்பதில்லை.

இதே கணக்கு ஒரு நல்ல செய்தியையும் சொல்கிறது. அந்த மாணவி 1800 ரேட்டிங் உள்ள பத்துப் பேரோடு ஆடி மூன்றே புள்ளி எடுத்து வீடு திரும்புகிறாள். பத்துக்கு மூன்று என்றதும் வீட்டில் முகம் வாடிவிடும். ஆனால் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது 2.4தான். 24 புள்ளி ரேட்டிங் கூடியிருக்கிறது. பள்ளித் தேர்வின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இந்த எண்ணைப் பார்க்கும்படி ஒவ்வொரு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். பத்துக்கு ஒன்பது எடுக்கும் இடத்திலேயே பிள்ளையை வைத்திருப்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும், பிள்ளையின் ஆட்டத்துக்கு எதுவும் தராது.

மிதமான இடைவெளி என்று நான் கருதுவது 100 முதல் 200 வரை. அங்கே மூன்று நான்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளியாவது வரும். பிள்ளை மனம் விடாமல் இருக்க அது வேண்டும். எதிராளியும் பாதி பலத்தில் ஆட முடியாது. 300க்கு மேலே போனால் அவ்வப்போது ஓர் ஆட்டம் நல்ல அதிர்ச்சி தரும், தினசரி உணவாக அது ஆகாது.

ஓர் எச்சரிக்கை. கைப்பேசிச் செயலிகளில் தெரியும் எண்ணும் ஃபிடே எண்ணும் ஒன்றில்லை. லிச்செஸ் தளம் புதியவரை 1500இல் தொடங்கிவைக்கிறது, கணக்கு முறையும் வேறு. ஒரு கூட்டத்துக்குள் ஆடியவர்களை ஒப்பிடத்தான் ரேட்டிங் பயன்படும். செயலியில் 1700 என்பதால் ஃபிடே போட்டியில் 1700 உள்ளவருக்குச் சமம் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம்.

ஓபன் போட்டியில் உண்மையில் நடப்பது

ஓபன் போட்டிக்குப் போனால் எல்லாச் சுற்றிலும் பலசாலிகளோடு ஆடலாம் என்று நினைப்பவர்கள் சுவிஸ் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவைக்கும் முறை அது. முதல் சுற்றில் எல்லோரையும் ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, நடுவில் இரண்டாகப் பிரித்து, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ் பாதியின் முதல் ஆளோடு ஆடவிடுவார்கள். 200 பேர் என்றால் 1க்கும் 101க்கும், 2க்கும் 102க்கும் என்று போகும்.

உங்கள் பிள்ளை வரிசையில் 150ஆவது. முதல் சுற்றில் 50ஆவது ஆள் கிடைப்பார். தோற்றதும் புள்ளி எடுக்காதவர்களின் கூட்டத்துக்குள் விழுகிறான். எல்லா முடிவும் ரேட்டிங்படியே வந்திருந்தால், இரண்டாவது சுற்றில் அவன் சந்திக்கப் போவது 200ஆவது ஆளை, அதாவது பட்டியலின் கடைசிப் பெயரை. ஜெயித்தால் மறுபடி மேலே, தோற்றால் மறுபடி கீழே. ஒன்பது சுற்றில் உங்களுக்கு வேண்டிய 100 முதல் 200 வரையிலான இடைவெளி சில ஆட்டங்களில் மட்டுமே அமையும். அந்தச் சில ஆட்டங்களே அந்தப் போட்டியின் உண்மையான பலன். அவற்றைத்தான் வீட்டுக்கு எடுத்துவந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தோல்வி எந்த நகர்வில் தொடங்கியது

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இது. பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான்.

தோற்ற பிள்ளையிடம் "எப்படித் தோற்றாய்?" என்று கேட்டால், "38ஆவது நகர்வில் குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் யானையையும் தாக்கிவிட்டது" என்பான். அது கடைசி அடி. அந்த நேரத்தில் அவன் காய்கள் எல்லாம் மூலையில் முடங்கிக் கிடந்தன, ஏதோ ஓர் அடி விழுந்தே தீரும். நகர்வுத் தாளைப் பின்னோக்கிப் புரட்டினால் வேறு கதை தெரியும். 17ஆவது நகர்வில் அவன் நடுவிலிருந்த சிப்பாயை எதிராளியின் சிப்பாயோடு தேவையில்லாமல் வெட்டி மாற்றிக்கொண்டான். அதனால் ஒரு நெடுவரிசை சிப்பாய்கள் இல்லாமல் திறந்துகொண்டது. அவனுடைய யானைகள் இன்னும் மூலையிலேயே இருந்தன, எதிராளியின் யானை தயாராக நின்றது. 18ஆவது நகர்வில் எதிராளி அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இருபது நகர்வும் அதன் விளைவு. 38ஐத் திருத்தினால் அந்த ஓர் ஆட்டம் சில நகர்வு நீளும். 17ஐப் புரிந்துகொண்டால் இனி வரும் நூறு ஆட்டங்களில் அது உதவும்.

பலம் குறைந்தவர்கள் 18ஆவது நகர்வில் அந்த வரிசையைப் பிடிக்கவே மாட்டார்கள். இந்த வகைப் பிழை பலமானவரிடம் மட்டுமே வெளிப்படுகிறது என்பதால்தான் அவரோடு ஆடுவதற்கு மதிப்பு.

நீண்ட நேர ஆட்டங்களில் நகர்வுகளை எழுதுவது விதிப்படியே கட்டாயம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் திணித்து மறந்துவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் மரியாதையாக, "அண்ணா, எப்போது உங்கள் பக்கம் நன்றாக இருக்கிறது என்று தோன்றியது?" என்று கேட்கலாம். பலமான வீரர்களில் பலர் வெளியே வந்து காய்களை அடுக்கிவைத்து மனமாரச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் நகர்வு பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட வெகு முன்னால் இருக்கும்.

வீட்டில் முதலில் பலகையில் தனியாக ஆடிப் பார்த்து, சந்தேகமான மூன்று இடங்களில் "அப்போது நான் என்ன நினைத்தேன்" என்று ஒரு வரி எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் என்ஜினைத் திறக்கலாம். என்ஜின் என்பது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சிறந்ததைச் சொல்லும் மென்பொருள்; ஸ்டாக்ஃபிஷ் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த நகர்வு சரி என்பதை அது விநாடியில் சொல்லிவிடும். உங்கள் எண்ணம் எங்கே வழிதவறியது என்பது அதற்குத் தெரியாது. குகேஷை ஆரம்ப ஆண்டுகளில் பயிற்றுவித்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, என்ஜினைத் தள்ளிவைத்துத்தான் அவரை வளர்த்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனந்தின் இரண்டு பள்ளிகள்

பலமானவரோடு ஆடியே வளர்ந்ததற்குச் சான்றாக விஸ்வநாதன் ஆனந்தைச் சொல்வார்கள். சென்னையில் டால் செஸ் கிளப்பில், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் போன்றவர்கள் வந்துபோன இடத்தில், தோற்றவர் நாற்காலியை விட்டு எழ வேண்டும் என்ற வழக்கத்தோடு அவர் அதிவேக ஆட்டங்கள் ஆடியது உண்மை. ஆனால் அதே சிறுவன் மணிலாவில் இருந்த காலத்தில், தொலைக்காட்சியில் வந்த செஸ் புதிர்களுக்குத் தாயோடு சேர்ந்து விடை அனுப்பிக்கொண்டே இருந்தான். பரிசுப் புத்தகங்களை ஓயாமல் வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சியினரே கேட்டுக்கொண்டார்களாம். ஆனந்தே பலமுறை சொன்ன செய்தி இது. கிளப் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். புதிர்க் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

ஆய்வும் இந்தப் பக்கமே நிற்கிறது. நீல் சார்னஸும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வீரரின் பலத்தோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது போட்டிகளில் ஆடிய நேரமன்று, தனியாக உட்கார்ந்து ஊன்றிப் படித்த நேரம்தான் என்று கண்டார்கள். போட்டி பிழையைக் காட்டுகிறது, தனிப்படிப்பு அதைத் திருத்துகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பலமான எதிராளி பக்கத்தில் இல்லாவிட்டால்

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் சேலத்துக்கு இறங்கிவருவது நடக்காத காரியம். இணையத்தில் ஆடலாம், ஆனால் மூன்று நிமிட ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். 15 நிமிடத்துக்குக் குறைந்தால் யோசிப்பதற்கே இடமிருக்காது, பழைய வடிவங்கள்தான் கையில் வரும். பலத்தைக் குறைத்துவைத்த கணினியோடு ஆடுவதை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். அது பத்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் போல ஆடிவிட்டு, திடீரென்று ஒரு காயைக் காரணமில்லாமல் கொடுக்கும். மனிதர்கள் அப்படிப் பிழை செய்வதில்லை.

இவற்றைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு, செலவும் இல்லை. ஒரு நல்ல வீரரின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, வென்றவரின் நகர்வுகளைக் காகிதத்தால் மூடிவையுங்கள். தொடக்க நகர்வுகள் பத்தைத் தாண்டியதும், ஒவ்வொரு முறையும் "நானாக இருந்தால் எதை நகர்த்துவேன்" என்று முடிவு செய்து எழுதிவிட்டுக் காகிதத்தை ஒரு வரி கீழே இறக்குங்கள். பொருந்தினால் அடுத்ததற்குப் போகலாம். பொருந்தாவிட்டால், அவர் ஏன் அதை ஆடினார் என்று ஐந்து நிமிடம் பலகையோடு உட்கார வேண்டும். தொடங்குபவர் நவீன உலகப் போட்டி ஆட்டங்களை எடுக்க வேண்டாம். அவற்றில் இரண்டு பக்கமும் பிழை மிக நுணுக்கமானது. ஒருவர் தெளிவாகப் பலசாலியாகவும் மற்றவர் சாதாரணமாகவும் இருக்கும் பழைய ஆட்டங்களில், பிழையும் அதற்கான தண்டனையும் வெளிப்படையாகத் தெரியும். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் போதும். ஒரு நோட்டில் தேதியும், பொருந்திய நகர்வுகளின் எண்ணிக்கையும், புரியாமல் விட்ட நகர்வுகளும் இருக்கட்டும். அடுத்த முறை சேலத்தில் பலமான ஒருவர் எதிரே அமைந்தால், அந்தப் புரியாத நகர்வுகளில் ஒன்றை அவரிடமே கேட்டுவிடலாம்.